மவுஸ் பட்டதும் எழும்பிய பெயர்கள்

சண்டை முடிந்து, கற்பிட்டிக் கரைக்கு வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கிய காலம். விடுதி கட்டிய ஒரு ஹாஜியார் வெப்சைட் செய்யக் கேட்டார். நான் பட்டதாரி அல்ல; பாலாவியில் ஒரு நெட் கஃபேயில் குந்தியிருந்து, பிறர் செய்த பக்கங்களைப் பிரித்துப் பார்த்துப் பழகியவன்.

அவர் தந்த வரைபடத்தில் உச்சமுனை என்ற தீவின் மேல் ‘ஆளில்லாத தீவு’ என்று இங்கிலீசில் இருந்தது. அங்கிருந்து எங்களுக்குக் கருவாடு கொண்டுவரும் பெண்ணை ராத்தா என்போம்; அவரிடம் சொன்னேன்.

“ஆளில்லையாமா? அப்ப நான் யாரு, ஜின்னா?” என்றார். “அந்தப் படம் கீறின மனிசன் சோளகக் காத்து அடிக்கிற மாசத்துல போயிரிப்பார். அப்ப நாங்க மீன் தொழிலுக்குக் கிழக்குக் கரைக்குப் போயிருவோம். போனா, இல்லாமப் போறதா?”

மீன்பிடிப்பவர்கள் தங்கும் குடிசைகளான மீன்வாடிகளின் பெயர்களை அவரே சொல்லித் தந்தார். கிணத்தடி வாடி, ஒத்தத் தென்னை வாடி, இன்னும் ஐந்து. வரைபடத்தில் அவற்றைக் குறித்து, மவுஸ் ஒரு வாடியின் மேல் வந்தால் பெயர் திறக்கவும், விலகினால் மூடவும் ஸ்கிரிப்ட் எழுதி ஹாஜியாருக்குக் காட்டினேன். பெயர் நிற்கவில்லை. வந்தது, போனது, வந்தது.

“என்ன தம்பி, காத்துல வெச்ச குப்பிலாம்பு மாதிரி அடிக்கிது? இதெல்லாம் படிச்ச ஆக்கள்ற வேலை. கழட்டி எறிங்க.”

“திருத்திட்டா இரிக்கலாமா, ஹாஜியார்?”

“நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தித் திருத்துங்க. இல்லாட்டி அது வெறுந் தீவுதான்.”

கோபத்தோடு உட்கார்ந்தேன். பெயர்ப் பெட்டி மவுஸுக்கு நேர் கீழே திறந்து வாடியை மறைத்தது. மவுஸ் வாடியை விட்டுப் போய்விட்டது என்று ஸ்கிரிப்ட் நினைத்துப் பெட்டியை மூடியது. மூடியதும் மவுஸ் திரும்ப வாடியின் மேல். வீட்டுக்காரன் குசினிக்குப் போனால் வீட்டை விட்டே போனான் என்றா சொல்வது? வாடியையும் பெயரையும் சுற்றி வேலி போட்டதுபோல ஒரே வளவுக்குள் போட்டேன். வளவைத் தாண்டினால் மட்டும் மூடு என்று மாற்றி எழுதினேன்.

மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் மவுஸை இழுத்து இழுத்துப் பார்த்தார். கிணத்தடி வாடி அசையாமல் நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே வரைபடத்திலிருந்த ‘ஆளில்லாத தீவு’ என்ற இங்கிலீசு வரியை அழித்தேன்.

“ஏய், அத அழிக்கச் சொன்னது யாரு?”

“ஏழு வாடி இரிக்கி ஹாஜியார். ஆளில்லண்டு எப்படிப் போட? அப்பிடித்தான் வேணுமெண்டா, வேற ஆளப் பாருங்க.”

அவர் வேறு ஆளைப் பார்க்கவில்லை.