தனக்கோடியின் எண்ணில் விழுந்த படம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அறுபதுகளில் நெய்வேலி நகரியத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். மனுஷனுக்குள்ளே என்ன இருக்கிறது என்று தினமும் பார்க்கிறவனிடம் வந்து ஆவி கதை சொன்னால் சிரிப்புத்தானே வரும். படத்தில் விழுவது இருக்கிறது, விழாதது இல்லை என்று டீக்கடையில் சட்டமாகப் பேசுவேன். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் படம் கழுவுகிற மருந்தில் ஏதோ கோளாறு என்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், நானும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அன்று காலையிலிருந்து சுரங்கத்துக் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நெஞ்சுப் படம். படம் சுத்தமாக இருந்தால் பெர்மனென்ட், நுரையீரலில் ஒரு புள்ளி இருந்தாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். முத்தாண்டிக்குப்பத்துத் தனக்கோடி கடைசியாக வந்தான். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"பாஸாயிடுவேனுங்களா சார்?"

"அதைப் படம்தான் சொல்லணும். மூச்சை இழுத்துப் பிடி."

ஃபிலிம் வைக்கிற கேசட்டின் மூலையில் அவன் எண்ணை ஈய எழுத்தில் ஒட்டியிருந்தேன், எந்தப் படம் யாருடையது என்று தெரிய அதுதான் அடையாளம். அவன் வெறும் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் பொத்தானை அமுக்கினேன், இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே உச்சிவெயில், உள்ளே இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும். படத்தை மருந்தில் முக்கினேன். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, பிறகு நடுநெஞ்சில் பளிச்சென்று என்னவோ தெரிந்தது. தாயத்தைக் கழற்றாமல் நின்றுவிட்டானா என்று எரிச்சலோடு தூக்கிப் பார்த்தேன். தாயத்து இல்லை, தாலி. பக்கத்தில் இரண்டு குண்டு, ஓர் ஊக்கு. அது பெண்ணின் நெஞ்சு. வலது நுரையீரலின் மேல்பக்கம் புகை படிந்த மாதிரி ஒரு புள்ளி. மூலையில் தனக்கோடியின் எண்.

இது போதாதென்று தாலியை ஒரு கை பிடித்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. சின்னக் கை, எலும்பெல்லாம் அரிசி மணி மாதிரி. மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது, அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. விரல்களை எண்ணினேன், ஆறு. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடியும் எண்ணினேன், ஆறுதான்.

யாருடைய படமோ இதன்மேல் விழுந்துவிட்டது என்று நினைக்கவும் வழியில்லை. அப்படியானால் தனக்கோடியின் எலும்பும் சேர்ந்து விழுந்திருக்கவேண்டும். ஃபிலிம் பெட்டி அன்று காலை நான் பிரித்தது, பெண் என்று ஒருத்தி அந்த அறைக்குள் வரவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டர் கதவைத் தட்டினார்.

"தனக்கோடி படம் ஆச்சா? ஈரமா இருந்தாலும் பரவாயில்லை, காட்டுங்க."

எண் அவனுடையது, புள்ளியும் அந்தப் படத்தில் இருக்கிறது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவன் வேலை அத்தோடு போச்சு. "கெட்டுப்போச்சு டாக்டர், இன்னொன்னு எடுத்துடறேன்" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். இரண்டாவது படம் ஆண்பிள்ளை நெஞ்சு, பளிங்கு மாதிரி சுத்தம். டாக்டர் அதைப் பார்த்துத் தலையாட்டினார், அவன் பெர்மனென்ட் ஆகிவிட்டான்.

நான் அவனைத் தனியே கூப்பிட்டேன். "உன் சம்சாரத்துக்கு இருமல் இருக்கா?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "யாருங்க சொன்னது?"

"அவ எங்கே?"

"வெளிய மரத்தாண்ட குந்திக்கினு இருக்காங்க. இருமலுன்னு தெரிஞ்சா என்னியும் சேத்துத் தள்ளிடுவாங்கன்னு பயந்துக்கினு சொல்லலீங்க."

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, கூட்டிட்டு வா" என்றேன். அஞ்சலை என்று பெயர், மெலிந்த பெண். தாலியைக் கழற்றச் சொன்ன நர்ஸிடம், "எம் புருசன் இருக்கச்சொல்ல கழட்டமாட்டேன், படமே வாணாம்" என்று நின்றுவிட்டாள். சரி என்று தாலியோடு எடுத்தேன். காய்ந்த பிறகு, கெட்டுப்போச்சு என்று சொன்ன அந்த முதல் படத்தின்மேல் இதை வைத்துப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், எலும்புக்கு எலும்பு பொருந்தியது, புள்ளியும் அதே இடம். இதில் அந்தக் கை இல்லை, தாலி நேராகத் தொங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

காசநோயின் ஆரம்ப நிலை, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். சரியாகவும் ஆயிற்று. முதல் படத்தை யாரிடமும் காட்டாமல் பழுப்புத்தாளில் சுற்றி அலமாரிமேல் போட்டேன்.

இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்த அஞ்சலை, குவார்ட்டர்ஸிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள்.

"எந்நேரமும் தாலியவே புடிச்சிக்கினு இருக்கான் சார், வுடமாட்டேங்கறான். தூக்குங்க நீங்க."

கையை நீட்டப் போனவன் குழந்தையின் பிடியைப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தொடத் தைரியம் வரவில்லை, வேலை இருக்கிறதென்று இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அலமாரிமேல் இருந்த படத்தைப் பிரித்து விளக்குப் பெட்டியில் மாட்டினேன். எலும்பு இருந்தது, புள்ளி இருந்தது, தனக்கோடியின் எண் இருந்தது, கை இல்லை. சரியாகக் கழுவாத படம் மங்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பக்கமாக இழுபட்டிருந்த தாலி அதில் நேராக, நடுநெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் படம் இன்னமும் என் பீரோவில்தான் இருக்கிறது. தனக்கோடி நன்றாக இருக்கிறான், வருஷா வருஷம் பலாப்பழம் கொடுத்தனுப்புகிறான். படத்தை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாரேன் என்று என் மனைவிகூடச் சொல்கிறாள். தாலி இன்னும் அதில் இருக்கிறதா என்று பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.