சாமுவேலுக்கு ஏன் பிரஸ் கொடுக்கவில்லை

ஓசூரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசராக இருந்தபோது நடந்தது. பிரஸ் என்பது தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின். கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். அதனால் வலிப்பு உள்ளவர்களை அங்கே விடமாட்டேன். சாமுவேலுக்கு வலிப்பு உண்டு, பேக்கிங்கில் இருந்தான்.

ஒரு நாள் வந்து நின்றான்.

"சார், ஆண்டவர் எனக்குப் பூரண சுகம் குடுத்துட்டாருங்க. மாத்திரைய நிறுத்தி ஆறு மாசமாச்சு, ஒருதடவகூட வரல. சபையில எந்திரிச்சு, சுகமாயிட்டேன்னு எல்லார் முன்னாலயும் சாட்சியும் சொல்லிட்டேன். பிரஸ்ல போடுங்க. சம்பளமும் கூட வரும்."

அப்போது ஆள் பற்றாக்குறை. மேனேஜரும், "அவனே கேக்கறானே, போட்டுடுங்க" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் பரம்பரைக் கத்தோலிக்கன். மாடி ஹாலை வாடகைக்குப் பிடித்துப் புதிதாகத் தொடங்கும் சபைகள் என்றாலே எனக்கு ஆகாது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாதென்று, ஞாயிற்றுக்கிழமை மத்திகிரியில் இருந்த அவன் சபைக்கே போனேன். ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது நீங்களா?"

"நான் சொல்லலீங்க பிரதர். அது அவரோட விசுவாசம்."

"அப்புறம் அவன் சாட்சி சொன்னப்ப ஏன் கைதட்டினீங்க?"

"நீங்க சுரூபத்துக்கு மெழுகுவத்தி ஏத்தறவங்க. சத்தியம் உங்களுக்கு வெளங்காது."

"வெளங்காமலே போகட்டும். அவன் கை மெஷின்ல மாட்டினா நீங்களா வருவீங்க?"

பதிலுக்கு நிற்காமல் கிளம்பினேன். படி இறங்கும்போது சாமுவேலின் மனைவி ரூத் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அண்ணா, அவர பிரஸ்ல போட்டுடாதீங்க."

"ஏம்மா, ஆறு மாசமா வலிப்பே வரலையே?"

"டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு, மாத்திரைய பொடி பண்ணி தெனமும் களியில கலந்து போடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவன்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா சபை முன்னால சொன்ன சாட்சி பொய்யாயிடும். அப்புறம் நான் போடற சோத்தையே தொடமாட்டாரு. அவருக்கு சாட்சி வேணும், எனக்கு அவரு வேணும்ணா."

மறுநாள் சாமுவேலிடம் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டான்.

"எனக்கு நம்பிக்கை வரலப்பா."

"நீங்க அவிசுவாசி சார்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனான். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

இன்றைய சூப்பர்வைசர்களுக்குச் சொல்வது இதுதான். சுகமாகிவிட்டது என்று யார் வந்து நின்றாலும், சபையையும் கேட்காதீர்கள், ஆளையும் கேட்காதீர்கள். அவனுக்குச் சோறு போடுகிறவளை ஒரு வார்த்தை கேளுங்கள்.