மரகதம் கேட்டது இன்னொரு நர்ஸை

கோடை விடுமுறைக்கு ஜலகண்டாபுரம் வந்திருந்தேன். நூல் வாங்கத் திருச்செங்கோடு போய்த் திரும்பிய சித்தப்பா சைக்கிளை நிறுத்தும் முன்பே சொன்னார்: "உங்க நர்ஸம்மா போயிட்டாங்களாம் சாமி. வாந்திபேதியாமா. சீட்டுல சனி வந்துச்சாம், அதோட முடிஞ்சுதாம்." மரகதம் இறந்த செய்தியும் அவளைப் பற்றிய பொய்யும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

ஆஸ்பத்திரியில் நடந்த இரங்கல் கூட்டத்திலும், தன் முடிவை முன்பே அறிந்தவள் என்று பேசினார்களாம். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவளிடம் கிளி சோதிடச் சீட்டுகள் இருந்தது உண்மை. காலில் புண்ணோடு வந்த சோதிடர் ஒருவர், கிளி செத்த பின் இவை எதற்கு என்று அவளிடம் விட்டுப் போனவை. திருச்செங்கோட்டில் அவள் ஆஸ்பத்திரி நர்ஸ், நான் பெண்கள் பள்ளி ஆசிரியை; அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். வேலை முடிந்து வந்து குளித்ததும், காபியோடு உட்கார்ந்து மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து வைப்பாள். முதலாவதற்கு, இன்று என்ன செய்தேன். அடுத்ததற்கு, எதை மறைக்கிறேன். கடைசிக்கு, நாளை யாரிடம் பேச வேண்டும். படத்தைப் பார்த்து மனத்தில் பட்டதைச் சொல்லிக்கொள்வாள், அவ்வளவுதான். பலன் கேட்டு வந்த வீட்டுக்கார அம்மாவிடம், "படத்துக்கு என்னங்க தெரியும்? என்னைய நானே கேட்டுக்க ஒரு சாக்குங்க" என்றாள்.

ஒருநாள் என்னையும் எடுக்க வைத்தாள். குழல் ஊதும் கண்ணன் வந்தார். எதை மறைக்கிறாய் என்றாள். பி.ஏ. படித்தும், வகுப்பில் பெரிய பெண்கள் சிரித்தால் என் குரல் நின்றுவிடுகிறது என்றேன். "கண்ணன் ஒண்ணும் சொல்லலை பாரு. நீதான் வாயைத் தொறந்தே" என்று சிரித்தாள்.

பங்குனியில் வாந்திபேதி பரவியது. வார்டில் நர்ஸ் அவள் ஒருத்திதான். அன்று இரண்டாவது சீட்டில் சனி இருந்தார். "வாங்க சாமி, எங்க காணோமேன்னு பார்த்தேன்" என்றவள், காபி டம்ளரைக் கீழே வைத்து, "பயமா இருக்குது. தூக்கக் கலக்கத்துல கை தப்பிரும்" என்றாள். மூன்றாவதைத் திருப்பவே இல்லை. டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றாள். இன்னொரு நர்ஸ் வேண்டுமென்று ஆங்கிலத்தில் மனு எழுதியது நான். அதில் சனி இல்லை. நோயாளிகளும் அவர்களுக்குச் செய்ய வேண்டிய வேலைகளும் மட்டுமே இருந்தன.

நாலு பேர் நடுவில் பேசாத நான், எங்கள் பள்ளிக்கு வந்த டாக்டரின் மனைவியிடம், சனியை அவள் வரவேற்றதை மட்டும் வேடிக்கையாகச் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் டாக்டர் மனுவை மடித்து அவளிடமே நீட்டினார்: "சனிக்குப் பயந்துதான் மனுவாம்மா? கோயில்ல எள்ளு விளக்குப் போடு, சரியாப் போயிரும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சனி அவளைக் கொல்லவில்லை. பலர் செய்ய வேண்டியதை ஒருத்தியாகச் செய்து, நின்று கை கழுவக்கூட நேரமில்லாமல் செத்தாள். கேட்டதைக் கொடுக்காதவர்கள் இன்று அவளை ஞானி என்கிறார்கள். ஞானியாக்கிவிட்டால் மனுவுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

என்னிடம் இருப்பது அந்த மனுவின் முதல் பிரதி. தாழ்மையுடன் வேண்டுகிறேன் என்று நான் எழுதிய வரியை அவள் பென்சிலால் அடித்திருக்கிறாள். அந்த வார்டில் இப்போதும் ஒரே ஒரு நர்ஸ்தான். பள்ளி திறந்ததும், அவள் அடித்த வரி இல்லாமல் மறுபடி எழுதி, டாக்டரிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். சனிக் கதையைச் சொன்னவள் நான்தான் என்பதையும் அங்கேயே சொல்வேன்.