நெல் காய்ந்த சாலையில் அண்ணன் தம்பி

காரைக்காலில் நான் சைக்கிள் சுற்றுலா நடத்துகிறேன். அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தேன். ஒப்பந்த வேலை, ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு திரும்பக் கூப்பிடவேயில்லை. அதன் பிறகு கோவில்பத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் கியர் சைக்கிள்கள் வாங்கி நிறுத்தி இந்தத் தொழிலை ஆரம்பித்தேன். மழை ஓய்ந்து தை பிறந்தால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். கடற்கரையில் தொடங்கி, திருநள்ளாறு பக்கத்துக் கிராமங்களைச் சுற்றி, கடைசி நாள் திருமலைராயன்பட்டினத்தில் மறுபடி கடலைப் பார்க்க வைத்து அனுப்புவேன். பின்னால் ஒரு வேன் தண்ணீரும் பழமும் பஞ்சர் சாமானும் ஏற்றிக்கொண்டு வரும். அதை ஓட்டுகிறவர் பட்டினத்துக்காரர். துபாயில் பல வருஷம் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்தவர். எல்லோருக்கும் அவர் பாய். எனக்கும் அப்படித்தான்.

புறப்படும் முன் விருந்தாளிகளை நிற்கவைத்துச் சில விஷயங்கள் சொல்வேன். நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள். ரோட்டில் நெல் காய்ந்தால் அதன் மேல் ஏற்றாதீர்கள். முன்னால் போகிறவரை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒருவரையொருவர் அடித்துக் கொல்லப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அந்தத் தையில் வந்தது நாலே பேர். சென்னையிலிருந்து ஒரு அண்ணன், தம்பி. அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அகலமான உடம்பு, கணீரென்ற குரல். தம்பி ஏழெட்டு வயது இளையவர், ஒல்லி, ஆனால் தொடர்ந்து ஓட்டுகிறவர் என்று கெண்டைக்காலைப் பார்த்தாலே தெரிந்தது. அண்ணனின் மனைவியும் வந்திருந்தார். முழங்கால் வலி என்று பெரும்பாலும் வேனிலேயே உட்கார்ந்திருந்தார். நான்காவது ஆள் மதுரையிலிருந்து தனியாக வந்த பல் டாக்டரம்மா.

அண்ணன்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். “அம்மா போனப்புறம் இவன் எங்ககிட்ட ஒட்டறதே இல்ல. அதான் இழுத்துட்டு வந்தேன்,” என்று தம்பியின் பிடரியைப் பிடித்து ஆட்டினார். தம்பி சிரிக்கவுமில்லை, விலகவுமில்லை. பிடி விடும்வரை கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கோவில்பத்தைத் தாண்டுவதற்குள்ளேயே ஒரு செவலை நாய் குரைத்துக்கொண்டு வந்தது. நான் இறங்கச் சொல்லிக் கத்தினேன். அண்ணன் இறங்கவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்து அதன் தாடையில் ஒரு உதை விட்டார். நாய் புரண்டு சாக்கடையில் விழுந்து கத்திய கத்தலில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. அவர் சிரித்தார். தம்பி மட்டும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சாக்கடை ஓரத்தில் குந்தினார். நாயின் வாயிலிருந்து ரத்தம் நூலாக வடிந்தது. தொடப்போன அவர் கையை அது கடிக்க வந்தது.

“டேய், நாய்க்கு டாக்டராயிட்டியா? வாடா,” என்றார் அண்ணன்.

தம்பி வந்தார். அன்று முழுக்க அண்ணனுக்குப் பின்னாலேயே ஓட்டினார்.

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது அண்ணன் கதை சொன்னார். “இவனுக்கு சைக்கிள் கத்துக் குடுத்ததே நான்தான். ஒவ்வொரு தடவை விழும்போதும் ஒரு அறை. விழுந்தா அறை, விழுந்தா அறை. ஒரே வாரத்துல பறந்தான். இல்லடா?”

டாக்டரம்மா மரியாதைக்குக்கூடச் சிரிக்கவில்லை. “அறையாம இருந்தா அதுக்கு முன்னாடியே கத்துக்கிட்டிருக்க மாட்டாரா?” என்று மட்டும் கேட்டார். அண்ணனின் மனைவி சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எழுந்து கை கழுவப் போனவர் நெடுநேரம் வரவில்லை.

அன்று சுரக்குடிப் பக்கம் போனோம். அறுவடை நேரம். வயலில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே கொக்குகளும் பருந்துகளும். மெஷின் பல்லுக்குத் தப்பி வெளியே ஓடுகிற எலிகளைப் பருந்து இறங்கி இறங்கித் தூக்கியது. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பியிருந்தார்கள். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்திருந்தார்கள். ஒரு அம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நீளக்காம்பு போட்ட பலகையால் நெல்லைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் மணியடித்து, எல்லோரும் ஒரு பக்கமாக ஒவ்வொருவராக வரும்படி கையைக் காட்டினேன்.

கடைசியாக வந்துகொண்டிருந்த தம்பி அங்கேதான் அண்ணனை முந்தினார். ஏன் அந்த இடத்தில் என்று தெரியாது. இரண்டு நாளாக அண்ணனுக்குப் பின்னாலேயே வந்தவர், அந்தக் குறுகிய இடத்தில் மிதித்து மேலே வந்தார். திரும்பிப் பார்த்தபோது அண்ணனின் கால் நீண்டிருந்தது. நாயை உதைத்த அதே காலால், அதே லாவகத்தோடு, தம்பியின் முன்சக்கரத்தில் ஒரு உதை.

தம்பி நெல்லின் மேல் குப்புற விழுந்தார். சைக்கிள் அவர் மேல் விழுந்தது. அண்ணன் நிதானமாக இறங்கி, ஸ்டாண்டு போட்டு, நடந்துவந்து, எழுந்துகொண்டிருந்தவரின் பிடரியில் ஓங்கி ஒரு அறை வைத்தார்.

“விழுந்தா அறைன்னு தெரியாதா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினார். தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கழற்றுகிறார் என்றே நினைத்தேன். அவர் அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு வீசினார். அண்ணனின் கன்னத்தில் பட்டபோது மட்டை முறிவதுபோல் ஒரு சத்தம். அண்ணன் கல்வரிசையின் மேல் மல்லாந்தார். தம்பி அவர் நெஞ்சில் மண்டியிட்டு உட்கார்ந்து மறுபடி அடித்தார். மறுபடியும். ஹெல்மெட் உடைந்து தெர்மாகோல் சிதறியது. பிறகு வெறுங்கையால் அடித்தார். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. மூச்சு மட்டும் ‘ஹக், ஹக்’ என்று வந்தது. வேலை செய்கிறவனின் மூச்சு. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டினேன். அவர் முழங்கை திரும்பி என் வாயில் இறங்கியது. முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. உதடு உள்பக்கம் கிழிந்து, வாய் நிறைய உப்பாக வெதுவெதுப்பாக வந்தது. அதற்குள் கீழே கிடந்த அண்ணன் கைக்கு எட்டிய கல்லை எடுத்துத் தம்பியின் காதோரத்தில் அடித்தார். தம்பி சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் அந்தக் கல்லையே பிடுங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். கீழே அண்ணனின் முகம் இருந்தது.

நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். இருந்த பற்களெல்லாம் இறங்கும்படி கடித்தேன். பிடித்து இழுத்துப் பயனில்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது. வாய்தான் பக்கத்தில் இருந்தது. அவர் அலறினார். கல் நெல்லில் விழுந்து புதைந்தது.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். பலகையைத் தூக்கி முதலில் தம்பியின் முதுகில் ஒரு சாத்து, பிறகு எழப்போன அண்ணனின் தொடையில் ஒரு சாத்து.

“கட்டையில போறவனுங்களா! ஆறு மாசம் பாடுபட்ட நெல்லுய்யா இது! இதுக்கு மேலயா பொரளுவீங்க? அடிச்சுக்கிட்டுச் சாவணும்னா அந்தாண்ட வாய்க்கால்ல போயிச் சாவுங்க!”

மறுபடியும் ஓங்கினார். அதற்குள் பாய் வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார். தம்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, இருவருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஒரு கண் மூடிக்கொண்ட நிலையிலும், “நீ யாருய்யா எங்க குடும்பத்துக்குள்ள வர்றதுக்கு?” என்று பாயின் சட்டையைப் பிடித்து இழுத்தார். பித்தான்கள் தெறித்தன.

“குடும்பமா இது? அல்லாவே! வண்டியில ஏறுங்க மொதல்ல. உங்க கன்னம் உள்ள போயிருக்கு,” என்றார் பாய். பிறகு என்னைப் பார்த்தார். “தங்கச்சி, வாயில என்ன?”

நான் உள்ளங்கையில் பல்லைத் துப்பிக் காட்டினேன்.

டாக்டரம்மா என்னைக் கல்லின் மேல் உட்காரவைத்து, தன் துப்பட்டாவைச் சுருட்டி வாயில் திணித்துக் கடிக்கச் சொன்னார். அண்ணனின் மனைவி வேனிலிருந்து இறங்கவேயில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரைத் தூக்கி வந்து பக்கத்தில் கிடத்தியபோது புடவைத் தலைப்பைக் கிழித்து அவர் முகத்தில் வைத்து அழுத்தினார். பதற்றமில்லாமல் செய்தார். “இது என்னைக்கோ நடந்திருக்கணும்,” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

தம்பி நெல்லின் நடுவில் உட்கார்ந்திருந்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அந்த அம்மா ரத்தம் பட்ட நெல்லை மட்டும் கைகையாக வழித்து ஓரத்துப் பள்ளத்தில் எறிந்தார். “நவுறுங்க,” என்று அவரைப் பலகையால் தள்ளினார். அவர் நகர்ந்தார். நகர்ந்த இடத்திலும் ரத்தம் சொட்டியது. “எந்திரிச்சு ரோட்டுல நில்லுய்யா, உனக்குப் புண்ணியமாப் போவும்,” என்றார் அந்த அம்மா. இப்போது குரலில் முன்னிருந்த சூடு இல்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குக் கன்ன எலும்பு முறிந்திருக்கிறது, விலா எலும்பிலும் கீறல் என்றார்கள். தம்பியின் காதுக்கும் என் உதட்டுக்கும் தையல். என் பல்தடம் பதிந்த அவர் மணிக்கட்டுக்கும் மருந்து வைத்துக் கட்டினார்கள். நர்ஸ் அதைப் பார்த்து, “நாயா?” என்று கேட்டார். தம்பி தலையசைத்து மறுத்து என் பக்கம் கையைக் காட்டினார். நர்ஸ் என் உதட்டுத் தையலைப் பார்த்தார்.

சாயங்காலம் எங்கள் ஊர் வழக்கப்படி சிவப்புத் தொப்பி வைத்த ஒரு போலீஸ்காரர் வந்தார். அண்ணனின் கட்டிலருகே நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

“எப்படிங்க ஆச்சு?”

“சைக்கிள்ல வந்தேன், விழுந்துட்டேன்,” என்றார் அண்ணன். கட்டுக்குள்ளிருந்து வார்த்தை வழுக்கியது.

“இல்ல. நான் அடிச்சேன்,” என்றார் தம்பி.

“டேய், வாய மூடு.”

“கொல்லணும்னுதான் அடிச்சேன். இவங்க என் கையக் கடிக்கலன்னா கொன்னிருப்பேன்.”

போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “விழுந்தாரா, அடிச்சீங்களா? நான் எதை எழுதறது?”

“நான் அடிச்சத எழுதுங்க. எனக்கு ஒம்பது வயசுலேர்ந்து இவர் அடிச்சதையும் எழுதுங்க. பெல்ட்டு, சைக்கிள் டியூபு, ஒரு தடவ இஸ்திரிப் பெட்டி.” தம்பி சட்டையைத் தூக்கினார். இடுப்புக்கு மேலே முக்கோணமாக ஒரு தழும்பு. தோல் அங்கே மட்டும் பளபளவென்று, மயிரில்லாமல் இருந்தது. “எல்லாரும் பாத்தாங்க. யாரும் எழுதல.”

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “விளையாட்டுக்குப் பண்ணது. சின்னப் புள்ளைல எல்லா வீட்லயும் நடக்கறதுதான்,” என்றார். அவர் மனைவி, “இல்லங்க, எல்லா வீட்லயும் நடக்கறதில்ல,” என்றார்.

போலீஸ்காரர் பேனாவை மூடியே வைத்திருந்தார். பிறகு புகார் கொடுக்க யாருக்காவது விருப்பமா என்று கேட்டார். அண்ணன் இல்லை என்றார். என்னைக் கேட்டார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை, தலையை ஆட்டினேன். வேண்டாம் என்றுதான் அர்த்தம். அது பெருந்தன்மை இல்லை. அந்தத் தழும்பைப் பார்த்த பிறகு யார் மேல் புகார் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அண்ணனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தார். தம்பி போகவில்லை. அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு நான் போனபோது வாசலில் நின்றிருந்தார். தலையைச் சுற்றிக் கட்டு. முந்தின நாள் விழுந்த சைக்கிளைத் துடைத்து, வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்தி, பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

“உங்க பல்லு… எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. மன்னிச்சிருங்க,” என்றார். பிறகு, “இன்னைக்குக் கடற்கரை வரைக்கும் நானும் வரலாமா? பின்னாடியே வந்துக்கறேன். யாருக்கும் தொந்தரவா இருக்க மாட்டேன்.”

நேற்று அந்தத் தழும்பைப் பார்த்தபோது என் மனம் அவர் பக்கம் சாய்ந்தது நிஜம். அண்ணனைப் பார்த்து என் கை முறுக்கேறியதும் நிஜம். இப்போது அவர் ஒரு அடி முன்னால் வந்தபோது நான் இரண்டடி பின்னால் போனதும் நிஜம்தான். அந்த மூச்சு இன்னும் காதில் இருந்தது.

“வேணாங்க,” என்றேன். வீங்கிய உதட்டோடு பேசியதால் எனக்கே என் குரல் வேறாகக் கேட்டது. “உங்க மேல கோவமில்ல. பயமா இருக்கு.”

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். “சரிதாங்க,” என்றார். “எனக்கும்தான்.”

பாய் அவரைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு வந்தார். சென்னை வண்டி புறப்பட நின்றிருந்ததாம். அதைப் போகவிட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் வேளாங்கண்ணி போகிற பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாராம். “டிக்கெட்டு எங்க வரைக்கும்னு கண்டக்டர் கேக்கறாரு. அவருக்கே தெரியல தங்கச்சி. கடைசி வரைக்கும்னுட்டாரு,” என்றார் பாய்.

நானும் டாக்டரம்மாவும் மட்டும் பட்டினத்தை நோக்கிப் புறப்பட்டோம். வெயில் ஏறுவதற்கு முன் மோட்டார் பைக்கில் வந்த ஒருவன் என்னை உரசுவதுபோல் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தினான். என் கை தானாக முகத்துக்கு முன்னால் எழுந்தது. சைக்கிள் தடுமாறியது. இறங்கி, ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால்கள் நடுங்கின. வேலியில் காயப்போட்டிருந்த வலையில் செதில்கள் ஒட்டியிருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா பக்கத்தில் வந்து இறங்கினார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“வாயக் காட்டுங்க,” என்றார்.

காட்டினேன். வெயிலுக்குத் திருப்பி, விரலால் உதட்டை மெல்லப் பிதுக்கிப் பார்த்தார்.

“தையல் பிரியல. நடுக்கம் நிக்கட்டும். அப்புறம் ஓட்டலாம்,” என்று சொல்லிவிட்டு என்னோடு வேலியில் சாய்ந்து நின்றார்.