அடுப்படிச் சுவரில் கண்ணாடி

அடுப்படியில் கண்ணாடி டைல்ஸ் பதிக்கலாம் என்று என் மனைவி சொன்னபோது நான் சிரித்தேன். கடுகு தெறிக்கும் இடம், குடமும் அண்டாவும் இடித்துக்கொண்டு போகும் இடம், அங்கே போய்க் கண்ணாடியா? "பீரோவுல வைக்கிறத அடுப்புக்குப் பின்னாடி வைக்கச் சொல்றியே" என்று கிண்டலும் செய்தேன். பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எனக்கு, ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பதுதான் முதல் கேள்வி. அவளுடைய கேள்வி வேறு. அது எனக்குப் புரியக் கொஞ்ச நாளானது.

அவளுக்குப் பார்வை குறைந்துகொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கெடுத்துவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல வெளிச்சத்தில் உருவம் தெரியும். இருட்டில் ஒன்றுமே தெரியாது. எங்கள் அடுப்படியோ பட்டப்பகலிலும் இருட்டு. பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால் ஜன்னல் கிடையாது. கொல்லை வாசலில் விழும் காலை வெயில் நீள நடையைக் கடந்து வருவதற்குள் மங்கிப்போகும். பல்பு போட்டால் அவள் நிழலே பாத்திரத்தின் மேல் விழுந்தது. இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டாள். சமையலுக்கு ஆள் வைப்போம் என்றேன்.

"என் அடுப்படிய இன்னொருத்தி கையில குடுத்துட்டு நான் என்ன செய்ய? மூலையில உக்காந்து வாசம் பிடிக்கவா?" என்று கேட்டாள். டைல்ஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அருப்புக்கோட்டை டைல்ஸ் கடையில் இளம்பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, வாசல் பக்கம் திருப்பி, முகத்துக்கு அருகில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "இது வாங்குன வெளிச்சத்தத் திருப்பித் தருதுங்க. மத்ததெல்லாம் தனக்குன்னு வச்சுக்கிருது" என்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பதிக்க வந்த கொத்தனார் விவரமானவர். சாம்பல் சிமெண்டு வைத்தால் கண்ணாடிக்குள் அந்த நிறம்தான் தெரியும் என்று வெள்ளைப் பசை வாங்கிவரச் சொன்னார். கொத்துக்கரண்டி இழுத்த கோடுகூடத் தெரியக் கூடாது என்று வழித்து வழித்து மட்டம் பார்த்தார். அடுப்புக்குப் பின்னால் முழுச் சுவர், நடையின் இரண்டு பக்கமும் நெஞ்சு உயரம். தரைக்கு மட்டும் வேண்டாம், ஈரக்கால் வழுக்கும் என்று அவரே தடுத்துவிட்டார்.

எல்லாம் காய்ந்த பிறகு ஒரு காலையில் கொல்லைக் கதவைத் திறந்தேன். வெயில் நடைக்குள் வந்தது. வழக்கமாக மங்கும் இடத்தில் மங்கவில்லை. ஒரு சுவரில் பட்டு எதிர்ச் சுவருக்குப் போய், அங்கிருந்து இன்னும் உள்ளே போய், அடுப்பு மூலை வரைக்கும் எட்டிவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இருட்டில் நின்ற மூலை அது. அது பச்சையும் வெள்ளையுமாகத் துலங்கியது. தினமும் வாசல்வரை வந்த வெயில்தான். உள்ளே கூப்பிட ஆளில்லாமல் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது.

அவள் அடுப்பின் முன்னால் போய் நின்றாள். "சட்டி தெரியுது. கரண்டிக் காம்பு தெரியுது" என்றாள். உலை கொதித்ததும் கத்தினாள். "என்னங்க, ஆவி தெரியுதுங்க!"

நான் கொல்லைப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

கிண்டல் செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக, சுவர் கழுவும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு வாளி போர்த் தண்ணீரைச் சுவரில் விசிறி அடிப்பேன். தானாகக் காய்ந்துகொள்ளும் என்று விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். வாங்கவந்தவர்களிடமெல்லாம் எங்கள் அடுப்படியைப் பற்றிப் பீற்றிக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் அவள் பேச்சுக் குறைந்தது. ஒருநாள் வெறும் அடுப்பில் கையை வைத்துத் தடவிக்கொண்டு நின்றாள். என்ன என்றேன்.

"போயிருச்சுங்க" என்றாள். "நாலஞ்சு நாளாவே மங்கிக்கிட்டு வந்துச்சு. இப்ப ஆவியும் தெரியல, சட்டியும் தெரியல. நாளையில இருந்து ஆள் வச்சுக்கிருங்க."

சண்டை போடாமல் அவள் விட்டுக்கொடுத்தது எனக்குப் பயத்தைத் தந்தது. மறுநாளே மதுரைக்குப் போவதென்று முடிவு செய்தோம். கடைசியாக ஒரு வேளைச் சமையலை நானே செய்துவிடுகிறேன் என்று காலையில் அடுப்படிக்குள் போனாள். ரசத்துக்குப் புளி கரைத்து வைத்திருந்த கிண்ணத்தைக் கை தட்டிவிட்டது. புளித் தண்ணீர் அத்தனையும் அடுப்புச் சுவரில் தெறித்து வழிந்தது. அவள் அப்படியே நின்றாள். நான் துணியை எடுத்து, யார்மீது என்று தெரியாத கோபத்தோடு, சுவரை அழுத்தித் துடைத்தேன்.

துடைத்த இடத்தில் ஒரு முழம் அளவுக்குச் சுவர் பளீரென்று விழித்துக்கொண்டது. சுற்றிலும் இருந்த மற்றக் கண்ணாடி வெளுத்துப்போய்க் கிடந்தது.

அவள் தலையைத் திருப்பினாள். "இங்கன வெளிச்சம் வருதே" என்றாள்.

எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் அவ்வளவும் உப்பு. வாளி, குழாய், குளியலறைச் சுவர் எல்லாவற்றிலும் வெள்ளை படிந்திருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, அதுதான் பொருளின் நிறம் என்று கண் பழகிப்போகிறது. தினமும் நான் வாளி வாளியாக உப்பை வீசி, அவளுடைய வெளிச்சத்தை மூடியிருக்கிறேன். நன்றாகக் கண் தெரிகிற எனக்கு அது தெரியவில்லை. உருவம் மட்டும் தெரிகிற அவளுக்குத் தெரிந்தது. அதற்கும் அவள் தன் கண்மேலேயே பழி போட்டுக்கொண்டாள்.

உப்பைக் கரைத்த அந்தப் புளியையே தேய்த்து, குடிக்கிற நல்ல தண்ணீரைக் குடத்திலிருந்து மொண்டு ஊற்றி, முழுச் சுவரையும் துடைத்தேன். நல்ல தண்ணீரில் கை கழுவினாலே ஏச்சு விழும் வீடு எங்கள் வீடு. தண்ணீர் வண்டி இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும்.

"அடப் பாவமே, குடிக்கிற தண்ணியச் செவுத்துல ஊத்துறீகளே!" என்று அவள் என்னை ஏசினாள். ஏசிக்கொண்டே சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள், தடவாமல். ஒரு சுவரால் இவ்வளவு செய்ய முடியுமா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மதுரைக்கும் போனோம். அழுத்தம் கூடவில்லை, ஆனாலும் நாளாக நாளாகப் பார்வை குறையத்தான் செய்யும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் சுவருக்கு.

போன மாதம் வீரசோழன் ஊர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போய் நாலு நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்த காலையில், அவள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகாமல் நின்றாள். உள்ளே போகப் பயம் என்று முகமே சொன்னது. நல்ல தண்ணீரை வீணாக்க மனசு வராமல் நாலு நாளும் போர்த் தண்ணீரையே ஊற்றியதாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"மங்கலா இருக்குங்க. எங் கண்ணா, இல்ல செவுறா?"

எனக்கும் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. சுவரில் விரலை இழுத்து நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

"செவுறுதான்" என்றேன். நல்ல தண்ணீர்க் குடத்தை எடுக்கப் போனேன்.