மாதாவின் முக்காட்டில் லிப்ஸ்டிக்

எங்கள் கோயில் மாதாவின் முக்காட்டைத் துவைக்கும் வேலை பல வருடங்களாக என்னுடையது. துறைமுகத்தை ஒட்டிய எங்கள் கத்தோலிக்கப் பங்கில் அதற்கு யாரும் போட்டிக்கு வருவதில்லை. திருநாளன்று சுற்றுப்பவனி முடிந்து மாதாவின் சுரூபத்தை இறக்கி வைத்ததும், சனம் வரிசையில் வந்து முக்காட்டின் கரையைப் பிடித்து முத்தமிடும். ஆண்கள் என்றால் வியர்வையோடு போய்விடும். பெண்கள் என்றால் பூசிய பூச்சில் பாதி மாதாவுக்குத்தான். முதலில் வாயைத் துடைத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைசித் திருநாளுக்குப் போட்ட முக்காடு, எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருத்தியின் கலியாணச் சேலை. வெள்ளைப் பட்டு. துறைமுகத்தில் வேலை செய்யும் அவளுடைய கணவனை நெஞ்சு ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்குக் கொண்டுபோன கிழமை, அவர் பிழைக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்துக் கொடுத்தாள். நான்தான் வெட்டித் தைத்தேன். அவர் உயிரோடு வீடு திரும்பிவிட்டார், ஆனாலும் திருநாள் வரை படுக்கையை விட்டு எழும்பவில்லை.

திருநாள் முடிந்து முக்காட்டைக் கழற்றிப் பார்த்தேன். கரையோரம் முழு வாய் ஒன்று, கடுஞ்சிவப்பில். பக்கத்தில் கன்னம் பட்ட இடத்தில் மண்ணிறப் பூச்சு. யாரோ முகத்தையே புதைத்திருந்தாள். நேர்த்திச் சேலையில் இரத்தம் போல ஒரு கறை. சேலை தந்தவள் கண்ணில் பட்டால் கெட்ட சகுனம் என்று இடிந்துபோவாள். ஞாயிறு பூசைக்கு முன் அதைப் போக்கியே ஆகவேண்டும்.

வெள்ளை உடுப்பு என்றால் என் கை தானாக நீலத்தைத் தேடும். பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புகளை நீலம் போட்டே வளர்த்த கை. யோசிக்காமல் நீலத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டேன். லிப்ஸ்டிக்கின் எண்ணெய்ப் பிசுக்கில் தண்ணீர் ஒட்டவில்லை. நீலம் முழுவதும் அதன் ஓரத்தில் திரண்டு நின்றது. சிவப்பு வாய்க்கு நீலக் கரை! என்னையும் திட்டி, அந்த வாய்க்காரியையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பிறகு நிதானத்துக்கு வந்தேன். கிணற்றுத் தண்ணீர் உவர், சவர்க்காரம் நுரைக்காது. குழாய்த் தண்ணீரில் அலச அலச நீலம் போய்விட்டது. துணியை நிழலில் உலர்த்தி, கறையைக் கவிழ்த்துப் பழைய துவாய் மேல் வைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுப் பின்பக்கத்திலிருந்து ஒற்றினேன். தேய்த்தால் பட்டு பாழ். துவாயில் சிவப்பு இறங்க இறங்க இடம் மாற்றி மாற்றி ஒற்றினேன். ஊருக்குள் திரியும் மான் வந்து வாய் வைக்கும் என்று, முற்றத்துக் கொடியை விட்டுக் குசினி அடுப்படிக்குள்தான் எல்லாம்.

மெல்லிய ரோசா நிறம் மிஞ்சியிருந்தபோது, சேலைக்காரியே குசினி வாசலில் வந்து நின்றாள். மறைக்க நேரமில்லை.

"யாரோ ஒரு அறிவு கெட்டவள் செய்த வேலை. நீ மனசில வைக்காத பிள்ளை, போகும்," என்றேன்.

அவள் கறையையே பார்த்தாள்.

"அது நான்தான் அக்கா. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

ஒற்றிக்கொண்டிருந்த பஞ்சைக் கீழே வைத்தேன்.

"அவருக்கு வர ஏலாது எண்டு ஒரே அழுகை. கலியாணத்தண்டு பூசி வெளிக்கிட்ட மாதிரி வெளிக்கிட்டு, எனக்கும் சேர்த்து நன்றி சொல்லிப்போட்டு வா எண்டார். பழக்கமில்லாத ஆள், பூசினதையே மறந்துபோனன்."

"என்னைத் திட்டினனீங்களோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஓம், நல்லாத் திட்டினனான்," என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவள் அழுதாள். மிச்சத்தை அவளே ஒற்றி எடுத்தாள்.

ஞாயிறன்று மாதா வெள்ளை வெளேரென்று நின்றாள். பூசை முடிந்து கோயில் வெறிச்சோடிய நேரம், சேலைக்காரி தன் கணவனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். அடிக்கொரு தரம் நின்று நின்று வந்த அந்த மனிதர், முக்காட்டின் கரையைப் பிடித்து முகத்தில் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

அவர்கள் போன பிறகு, வழக்கம்போலக் கரையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக்கு நனைந்திருந்தது. அது காயும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கோயிலைப் பூட்டினேன்.