சந்தைக்குப் போனவனின் வாக்கு

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் என் மச்சாளுக்கு முன்னால் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டேன். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவள் நான். சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள்.

மச்சாள் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. அவளுக்கு ஒரே மகன். சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை மீன்பெட்டியோடு திருகோணமலைச் சந்தைக்குச் சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. சைக்கிளும் வரவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவர்களை அவள் படலைக்கு உள்ளே விட்டதில்லை. வாக்காளர் பெயர் பதிய எங்கள் கிராம அலுவலர், விதானையார், வரும்போதெல்லாம் மகனின் பெயரையும் சொல்லுவாள். அவரும் மறுக்காமல் எழுதிக்கொண்டு போவார்.

அவன் காணாமல் போய்ச் சில வருசத்துக்குப் பிறகு வந்த ஒரு தேர்தலில் எங்கள் பகுதிப் பொடியன்கள் வந்து கேட்டதற்காக நாங்கள் இருவரும் கட்சிக்கு வேலை செய்தோம். நான் விடிய எழும்பி வீடு வீடாகப் போய், பெண்களை நேரத்தோடு வோட்டுப் போடப் போகச் சொன்னேன். மச்சாள் எட்டாம் வகுப்புப் படித்தவள், ஊரில் எல்லோருடைய முகமும் தெரிந்தவள். அதனால் அவளைச் சாவடிக்கு உள்ளே முகவராக இருத்தினார்கள். கள்ள வோட்டுப் போட வருகிறவரைப் பிடிப்பதுதான் அவளுடைய வேலை. பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் நல்ல சேலை உடுத்தி நிமிர்ந்து இருந்தாள். வரிசையில் என் பின்னால் நின்றவள், "உங்கட மச்சாள் கலியாண வீட்டுக்கு வந்த மாதிரியெல்லோ இருக்கிறா" என்றாள்.

"ஓம், பலகாரம் தருவா. கேட்டு வாங்கிக்கொண்டு போ" என்றேன்.

முகவர்களுக்குக் கேட்கவேண்டும் என்று குமாஸ்தா ஒவ்வொரு பெயரையும் உரத்து வாசிப்பார். எனக்கு முன்னால் போன பொடியனுக்கு அவர் வாசித்தது என் மருமகனின் பெயர், மச்சாளின் மகனுடைய பெயர். அந்தக் காலத்தில் அடையாள அட்டை கட்டாயமில்லை. இவன் அயலூர்ப் பொடியன். காலையில் எங்கள் கட்சிக் கொட்டிலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றவன். மச்சாளும் அவனைக் கண்டவள்தான். மற்றக் கட்சி முகவர்களுக்கு அவனைத் தெரியாது, பேசாமல் இருந்தார்கள். மச்சாள் எழும்பினாள்.

"ஐயா, இது என்ர மகன்ர பேர். இவன் என்ர மகன் இல்லை."

பொறுப்பதிகாரி நல்ல மனிதர். மெதுவாகத்தான் கேட்டார். "உங்கட மகன் எங்கே அம்மா? வெளிநாடோ? காலமாகிட்டாரோ?"

அவள் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சந்தைக்குப் போனவன். இன்னும் வரேல்லை."

அவர் எதையோ எழுதினார். பொடியனை வெளியே அனுப்பினார்கள். பின்னேரம் சாவடி மூடியதும் கட்சிப் பொறுப்பாளர் வாசலில் காத்து நின்றார்.

"நீங்கள் எங்கட ஆளோ, அவையின்ர ஆளோ அம்மா? சும்மா கிடக்கிற வோட்டுத்தானே."

"சும்மா கிடக்கேல்லை தம்பி. அவன் வந்து போடுவான்."

பிறகு பெயர் பதிய வந்த விதானையார் படலையடியிலேயே நின்றார். "அம்மா, மகன் இன்னும் வரேல்லையெண்டு ஊரறிய நீங்களே சொல்லிப்போட்டியள். இனியும் இந்தப் பேரை எழுதினால் என்ர வேலை போயிடும்" என்றார். எழுதாமல் போனார். அன்று அவள் குசினியில் அடுப்பு மூளவில்லை. நான் சோறு கொண்டுபோனேன். தொடவில்லை.

போன தேர்தலிலும் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் போய் வந்தோம். நல்ல வெயில். பாதி வழியில் நின்று கேட்டாள்: "மச்சாள், அண்டைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன்ர பேராவது இருந்திருக்கும், என்ன?"

ஓம் என்றால் அவள் செய்தது பிழை என்று ஆகிவிடும். இல்லை என்றால் அது பொய். குடையை அவள் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

எங்கே பிள்ளை, எழுதினதை ஒருக்கா எனக்கு வாசி. மச்சாளுக்கு வாசிச்சுக் காட்டலாமோ, கூடாதோ எண்டு நான் முதல்ல கேட்டிட்டு முடிவெடுக்கிறன்.